சந்தைக்கு ஸஜ்தாவா?

 

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜுமுஆ முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பொறியியல் படித்து முடித்த தம்பி ஒருவர் அருகில் வந்து ஸலாம் சொன்னார். கையில் ஓர் ஆங்கிலப் புத்தகம். "ஹஜ்ரத், நானும் ரெண்டு கூட்டாளிங்களும் சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பிக்கிறோம். பேங்க் லோன் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். வென்ச்சர் கேபிடல் வாங்கலாமா? ஹலாலா, ஹராமா?" என்று கேட்டார்.

வட்டிக்குப் பயந்து கேள்வி கேட்கும் பிள்ளையைப் பார்த்தால் எந்த ஆலிமுக்குத்தான் மனம் குளிராது? அல்ஹம்துலில்லாஹ் என்றேன். ஆனால் தம்பி அதோடு நிறுத்தவில்லை. "இந்தப் புஸ்தகத்தை எழுதினவரு பெரிய முதலீட்டாளர் ஹஜ்ரத். அரசாங்கம் ஒதுங்கிக்கிட்டாப் போதும், மத்ததை எல்லாம் சந்தை பார்த்துக்கும்ங்கிறாரு. போட்டி போட்டுக்கிட்டு இருக்கிறவன் தோத்தவன், சந்தையைத் தனியாப் பிடிக்கிறவன்தான் ஜெயிச்சவன்ங்கிறாரு. எனக்கு அது சரின்னுதான் படுது" என்றார்.

முதலில் கேட்டது ஃபிக்ஹு. அதற்குக் கிதாபில் பதில் இருக்கிறது. பிறகு சொன்னதோ ஒரு கொள்கை. அதை அவர் கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை, முடிவாகவே சொல்லிவிட்டார்! இந்தத் தம்பி தனி ஆள் அல்ல. நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இன்று இப்படித்தான் பேசுகிறார்கள். ஆகவே புத்தகத்தை இரவல் வாங்கி வந்தேன். அதை எழுதியவரின் வரலாற்றையும் தேடிப் படித்தேன். தம்பிக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

அவர் பெயர் பீட்டர் தீல். 1967ல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரில் பிறந்தவர். குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் அமெரிக்காவுக்குப் போனது. தந்தையின் வேலை நிமித்தம் தென்னாப்பிரிக்காவிலும் இன்றைய நமீபியாவிலும் சில காலம் வளர்ந்தார். கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தார், பிறகு சட்டம் படித்தார். நியூயார்க்கில் பெரிய வக்கீல் கம்பெனி ஒன்றில் சேர்ந்து ஏழே மாதத்தில் வெளியேறினார். 1996ல், முப்பது வயதுகூட நிரம்பாத நிலையில், நண்பர்களிடமும் உறவினர்களிடமும் பத்து லட்சம் டாலர் திரட்டி முதலீட்டுத் தொழிலில் இறங்கினார். 1998ல் ஒரு கம்பெனியைக் கூட்டாகத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து, வேறொரு கம்பெனியோடு இணைந்து, பேபால் ஆனது. 2002ல் அதை ஈபே 150 கோடி டாலருக்கு வாங்கியது. 2004ல், ஒரு மாணவர் நடத்திவந்த ஃபேஸ்புக் என்னும் சிறு கம்பெனிக்கு 5 லட்சம் டாலர் கொடுத்து ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைப் பெற்றார். 2012ல் அந்தப் பங்குகளில் பெரும்பகுதியை விற்று 100 கோடி டாலருக்கும் மேல் எடுத்தார். இப்படி உயர்ந்த ஒருவரைப் பார்த்து இளைஞர்கள் மயங்குவதில் என்ன வியப்பு? காரூன் அலங்காரத்தோடு ஊர்வலம் வந்தபோது, இவனுக்குக் கிடைத்தது நமக்கும் கிடைக்கக் கூடாதா என்று ஏங்கிய கூட்டத்தைப் பற்றி ஸூரத்துல் கஸஸில் அல்லாஹ் சொல்லிக் காட்டுகிறான் அல்லவா?

ஆனால் அந்த வரலாற்றில் யாரும் பெரிதாகப் பேசாத ஒரு சின்ன நிகழ்ச்சி இருக்கிறது. தொழிலின் ஆரம்பத்தில் தீல் தன் நண்பர் ஒருவரின் கம்பெனியில் ஒரு லட்சம் டாலர் போட்டார். இணையத்தில் நாட்காட்டி வைத்துக்கொள்ளும் திட்டம் அது. தோற்றுப்போனது, பணம் போய்விட்டது. போட்ட பணத்துக்காக நண்பரின் வீட்டை எழுதி வாங்கியதாகவோ, ஆள் வைத்து மிரட்டியதாகவோ அந்த வரலாற்றில் இல்லை. நட்பும் முறியவில்லை. சில காலத்துக்குள்ளேயே அந்த நண்பரின் வட்டத்தில் இருந்த வேறொருவரின் அறிமுகத்தால்தான் பேபாலுக்கு வித்திட்ட தொழில் பிறந்தது. வியாபாரப் பெருமக்களே, இந்த இடத்தில் சற்று நிதானித்துப் படியுங்கள். நம் ஊரில் ஒருவன் இன்னொருவனின் தொழிலில் பணம் போட்டு, தொழில் படுத்து, பணமும் போன பிறகு இருவரும் ஒரே ஸஃப்பில் நின்று தொழுத காட்சியை நீங்கள் எத்தனை முறை கண்டிருக்கிறீர்கள்?

மதரஸாவில் ஹிதாயா ஓதிய காலத்தில் முளாரபா பாடம் வரும். ஒருவருடையது முதல், அவர் ரப்புல் மால். இன்னொருவருடையது உழைப்பு, அவர் முளாரிப். லாபம் வந்தால் பாதிக்குப் பாதி, மூன்றில் ஒன்று என்று முன்கூட்டிப் பேசிய பங்கின்படி பிரித்துக்கொள்வார்கள். மாதம் இத்தனை ரூபாய் என்று தொகையாகப் பேசினால் ஒப்பந்தமே கெட்டுவிடும். நஷ்டம் வந்தால்? முதல் போட்டவருக்கு முதல் நஷ்டம், உழைத்தவருக்கு உழைப்பு நஷ்டம். உழைத்தவர் மோசடி செய்தாலோ, பேசிய நிபந்தனையை மீறினாலோ தவிர அவரிடம் முதலைத் திருப்பிக் கேட்க முடியாது. அவர் கையில் இருப்பது அமானிதம். அன்று ஓதும்போது, இதெல்லாம் ஒட்டக வணிகர் காலத்துச் சட்டம், இன்று எங்கே நடக்கிறது என்று நாங்களே எங்களுக்குள் பேசிக்கொண்டது உண்டு. நடக்கிறது சகோதரர்களே! கலிஃபோர்னியாவில் நடக்கிறது. சொத்து ஜாமீன் கேட்காமல், மாத வட்டி கேட்காமல், திட்டத்தையும் ஆளையும் பார்த்துப் பணம் கொடுக்கிறார்கள். பத்தில் பல மூழ்கும், ஒன்று கரை சேர்ந்து மூழ்கியவற்றின் நஷ்டத்தையும் ஈடுகட்டும் என்று கணக்குப் போட்டே கொடுக்கிறார்கள்.

வட்டி ஹராம் என்பதற்காக அவர்கள் இதைச் செய்யவில்லை. புதுத் தொழில் பிறந்த குழந்தை. அதன் தலையில் மாதா மாதம் வட்டியைக் கட்டினால் நடக்கக் கற்பதற்கு முன்பே செத்துவிடும் என்ற வியாபார அனுபவம்தான் காரணம். 1946ல் பாஸ்டன் நகரில் ஜார்ஜ் டோரியோ என்ற பேராசிரியர் முன்னின்று நடத்திய கம்பெனிதான் இந்தத் துறைக்கு வழிகாட்டி. 1957ல் அது ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் 70 ஆயிரம் டாலருக்குப் பங்கு வாங்கியது; அது பல நூறு மடங்காகப் பெருகியது. அதற்கும் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே இத்தாலியக் கடல் வணிகர்கள் கொம்மெந்தா என்ற பெயரில் இதே ஒப்பந்தத்தை எழுதினார்கள். நம்முடைய கிராள் ஒப்பந்தம்தான் அங்கே போனது என்று கருதும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. எங்கிருந்து எங்கே போயிருந்தாலும் சரி. அன்னை கதீஜா (ரலி) அவர்களின் முதலைக் கொண்டு ஷாம் தேசத்துக்கு வியாபாரம் செய்யப் போனவர்கள் யார்? நபித்துவத்துக்கு முன்பு நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் அல்லவா? பணம் இருந்த ஒரு பெண்மணியும் நாணயம் இருந்த ஓர் இளைஞரும்! ஸீரா கிதாபில் இதைப் படித்துக் கண் கலங்குகிறோம். கடைக்குப் போனதும் மறந்துவிடுகிறோம்.

அப்படியானால் வென்ச்சர் கேபிடல் முழுவதும் ஹலாலா? அவசரப்படாதே தம்பி. பெயரைப் பார்த்து ஃபத்வா கொடுக்க முடியாது, பத்திரத்தைப் படித்துத்தான் சொல்ல முடியும். கன்வெர்ட்டிபிள் நோட் என்று ஒன்று கொடுப்பார்கள். பங்காக மாறும்வரை அது கடன்தான். பெரும்பாலும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். அதைத் தொடாதே. கம்பெனியை விற்கும்போது போட்ட பணத்தை நான் முதலில் எடுத்துக்கொள்வேன் என்று ஒரு நிபந்தனை இருக்கும். நீ ஒரு ரூபாயும் போடாமல் உழைப்பை மட்டும் கொடுத்திருந்தால் அது பெரிதாக உறுத்தாது. முளாரபாவிலும் முதல் திரும்பிய பிறகுதான் லாபம் பேசப்படும். உன் வாப்பாவின் சேமிப்பையும் அதில் போட்டிருந்தால் அது முஷாரகா ஆகிவிடுகிறது. அங்கே நஷ்டம் அவரவர் முதலின் அளவுக்குத்தான் போக வேண்டும். உன் முதல் முழுவதும் கரைந்த பிறகுதான் என் முதலில் கை வைக்கலாம் என்று அவர் எழுதினால் ஷரீஅத் ஏற்காது. போட்டதைப் போல் இரண்டு மடங்கு முதலில் எனக்கு என்றால் அது வெளிப்படையான அநியாயம். வட்டியில்லாத பத்திரமும் அங்கே புழக்கத்தில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கு. நீ செய்யப் போகும் தொழிலும் ஹலாலாக இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? கையெழுத்துப் போடுவதற்கு முன் வக்கீலிடம் காட்டுவது போல் ஓர் ஆலிமிடமும் காட்டு.

இதுவரை ஒப்பந்தம். இனி கொள்கைக்கு வருவோம்.

2014ல் வெளிவந்த 'ஜீரோ டு ஒன்' என்ற அந்தப் புத்தகத்தில் தீல் ஏகபோகத்தை ஒளிவு மறைவு இல்லாமல் புகழ்கிறார். பத்துப் பேர் போட்டி போடும் இடத்தில் லாபம் கரைந்துவிடும், எவரும் இல்லாத இடத்தைப் பிடித்து அங்கே தனியாக நில் என்பது அவரது உபதேசம். புதிதாக ஒன்றைக் கண்டுபிடி, பிறரைப் பார்த்துக் காப்பியடிக்காதே என்ற அளவில் நல்ல பேச்சுதான். நம் தெருவில் ஒருவர் பிரியாணிக் கடை வைத்தால் பக்கத்தில் ஐந்து பேர் பிரியாணிக் கடை வைக்கிறோமே, நமக்கும் அது தேவைதான்! ஆனால் அந்தத் தனி இடம் எப்படிப் பிடிக்கப்பட்டது? பேபால் தொடங்கிய காலத்தில் புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் பத்து டாலர் கொடுத்தார்கள். இன்னொருவரைச் சேர்த்துவிட்டால் மேலும் பத்து டாலர். பொருள் நன்றாக இருந்தது, மறுக்கவில்லை. ஆயினும் நஷ்டத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பதற்கு முதலீட்டாளரின் பை பின்னால் இருந்தது. பை இல்லாதவன் என்ன செய்வான்?

மண்ணடியில், பர்மா பஜாரில், ஊர் ஊராக உள்ள செல்போன் கடைகளில் உட்கார்ந்திருக்கும் சகோதரர்களே, இந்தக் கேள்விக்கு உங்களைவிட நன்றாகப் பதில் சொல்லக்கூடியவர் யார்? நீங்கள் மொத்த வியாபாரியிடம் வாங்கும் விலையைவிடக் குறைந்த விலைக்கு அதே போனை ஆன்லைனில் விற்கிறார்களே, அது திறமையா? வெளியிலிருந்து வந்த முதலை எரித்து உங்களைக் கடையைச் சாத்த வைக்கும் முற்றுகை அது! உமர் (ரலி) அவர்கள் மதீனாவின் சந்தையில் நடந்து வந்தபோது, ஹாதிப் (ரலி) அவர்கள் உலர்ந்த திராட்சையைச் சந்தை விலையைவிடக் குறைத்து விற்பதைக் கண்டார்கள். விலையை உயர்த்துங்கள், இல்லையெனில் நம் சந்தையை விட்டு எடுத்துச் செல்லுங்கள் என்ற கருத்தில் சொன்னார்கள் என இமாம் மாலிக் (ரஹ்) தம் முவத்தாவில் பதிவு செய்கிறார்கள். பிறகு உமர் (ரலி) அவர்கள் ஹாதிபின் வீட்டுக்கே போய், நான் சொன்னது கட்டளை அல்ல, ஊராரின் நன்மையை நாடிச் சொன்னேன், விரும்பியபடி விற்றுக்கொள்ளுங்கள் என்றதாக வேறோர் அறிவிப்பும் இருக்கிறது. அதனால் இமாம்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டை மறைத்து ஒரு பக்கத்தை மட்டும் சொல்ல எனக்கு உரிமை இல்லை. எந்த அறிவிப்பை எடுத்தாலும் ஒன்று தெளிவு. சந்தையைப் பார்த்துக்கொள்ள அங்கே ஒரு கலீஃபா நடந்துகொண்டிருந்தார்!

இதைப் படித்துவிட்டு, இஸ்லாம் சந்தைக்கு எதிரி என்று எவரும் முடிவு கட்ட வேண்டாம். விலை ஏறியபோது மக்கள் வந்து நபி (ஸல்) அவர்களிடம் விலை நிர்ணயம் செய்து தரக் கேட்டார்கள். அல்லாஹ்தான் விலையைக் கூட்டுகிறவனும் குறைக்கிறவனும் என்ற கருத்தில் சொல்லி, எவருக்கும் அநியாயம் செய்தவனாக இறைவனைச் சந்திக்க விரும்பவில்லை என்று மறுத்துவிட்டார்கள். அனஸ் (ரலி) அறிவித்த இந்த ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. லைசென்ஸ், பர்மிட் என்று அதிகாரிகளின் வாசலில் காத்துக் கிடந்த காலத்தை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1991க்குப் பிறகு அந்தக் கெடுபிடி தளர்ந்ததில் நமக்கும் நன்மை இருந்தது. ஆனால் விலை நிர்ணயிக்க மறுத்த அதே நபி (ஸல்) அவர்கள்தாம், சரக்கைப் பதுக்குகிறவன் பாவி என்றார்கள். ஊருக்கு வெளியே போய் வணிகக் கூட்டத்தை மறித்து, சந்தை விலை தெரியாதவரிடம் வாங்குவதைத் தடுத்தார்கள். வாங்கும் எண்ணம் இல்லாமல் விலையை ஏற்றிக் கேட்பதைத் தடுத்தார்கள். அளவை ஒழுங்காக்கிய பிறகு விலையைச் சந்தைக்கு விட்டார்கள். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மார்க்கம் பேச முடியாது.

சரி, அரசாங்கமே ஒதுங்கிக்கொள் என்று சொல்கிறவர்களாவது அரசாங்கத்தை விட்டு ஒதுங்கி இருக்கிறார்களா? 2003ல் தீல் கூட்டாகத் தொடங்கிய கம்பெனி பாலண்டிர். கோடிக்கணக்கான தகவல்களைக் கோத்துப் பார்த்து ஆளை அடையாளம் காட்டும் மென்பொருள்தான் அதன் சரக்கு. ஆரம்பத்தில் அதில் முதல் போட்டவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவின் முதலீட்டுப் பிரிவு! வாடிக்கையாளர் யார்? உளவுத்துறை, ராணுவம், போலீஸ். 2025ல் அமெரிக்க ராணுவம் பத்தாண்டுகளுக்கு 1000 கோடி டாலர் வரை வாங்கிக்கொள்ள வழிசெய்யும் ஒப்பந்தத்தை அந்தக் கம்பெனியுடன் செய்துகொண்டது. அதே ஆண்டில், குடியேறியவர்களைக் கண்காணித்து நாடு கடத்தும் துறை 3 கோடி டாலர் கொடுத்து அதற்கென ஒரு மென்பொருளைக் கேட்டது. காஸாவில் குண்டு விழுந்துகொண்டிருந்த 2024 ஜனவரியில், போர்ப் பணிகளுக்குத் தொழில்நுட்பம் தருவதாக இஸ்ரேலின் பாதுகாப்பு அமைச்சகத்தோடு உடன்பாடு செய்துகொண்டதும் இதே பாலண்டிர்தான். நான் கேட்பது இதுதான் தம்பி: இதில் எந்த ரூபாய் சுதந்திரச் சந்தையிலிருந்து வந்தது? ஏழைக்கு ரேஷன் கொடுக்கும் அரசாங்கம் ஒதுங்க வேண்டும், உளவு பார்க்கும் அரசாங்கம் மட்டும் கம்பெனிக்கு வாடிக்கையாளராக நிற்க வேண்டும் என்பதா?

2023 மார்ச்சில் நடந்ததையும் கேள். கலிஃபோர்னியாவின் புதுத் தொழில்காரர்களும் முதலீட்டாளர்களும் பணம் போட்டு வைத்திருந்த சிலிக்கான் வேலி பேங்க் ஆட்டம் கண்டது. மலிந்த வட்டிக் காலத்தில் கடன் பத்திரங்களில் பணத்தை முடக்கி, வட்டி விகிதம் ஏறியதும் அந்தப் பத்திரங்களின் மதிப்பு சரிந்து அகப்பட்டுக்கொண்டது. வட்டியில் பிழைத்தது வட்டியிலேயே விழுந்தது! தீலின் முதலீட்டு நிறுவனம் உட்படப் பலர், பணத்தை எடுத்துவிடுங்கள் என்று தம் கம்பெனிகளுக்குச் சொன்னார்கள். மார்ச் 9ஆம் தேதி ஒரே நாளில் 4200 கோடி டாலர் வெளியேறியது. மறுநாள் பேங்க் மூடப்பட்டது. தீலின் சொந்தப் பணம் 5 கோடி டாலர் உள்ளே மாட்டிக்கொண்டதாக அவரே சொன்னார். சட்டப்படி காப்புறுதி இருந்தது ஒரு வாடிக்கையாளருக்கு இரண்டரை லட்சம் டாலருக்கு மட்டும்தான். சந்தையே எல்லாவற்றையும் சரி செய்யும் என்று வாழ்நாளெல்லாம் பேசிய அந்த வட்டாரத்து முதலீட்டாளர்கள் பலர் அந்த இரண்டு நாளும் அரசாங்கமே வா, அரசாங்கமே வா என்று அலறினார்கள். 12ஆம் தேதி அரசாங்கம் வந்தது. முழுப் பணத்துக்கும் பொறுப்பேற்றது. நம் தெருவில் ஒரு கடை படுத்தால் எந்த அரசாங்கம் வரும்?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. சாதாரண வேலைக்காரர்கள் முதுமைக்குச் சேமிப்பதற்காக அமெரிக்காவில் ஒரு வரிவிலக்குக் கணக்கு உண்டு. 1999ல் தீல் அந்தக் கணக்கில் இரண்டாயிரம் டாலருக்கும் குறைவான பணத்துக்குத் தம் கம்பெனியின் பங்குகளை வாங்கிப் போட்டார். 2019ல் அது 500 கோடி டாலர் ஆகியிருந்தது என்று 2021ல் புரோபப்ளிகா பத்திரிகை வெளியிட்டது. வயது வரம்பு தாண்டி எடுத்தால் வரி இல்லை. சட்டத்தை மீறினார் என்று நான் சொல்லவில்லை. ஓர் ஆலிமின் கண்ணுக்கு வேறு கணக்குத்தான் தெரிகிறது. அந்தத் தொகைக்கு ஓராண்டு ஜகாத் மட்டுமே பன்னிரண்டரைக் கோடி டாலர்!

அவர் 2009ல் எழுதிய ஒரு கட்டுரை இருக்கிறது. சுதந்திரமும் ஜனநாயகமும் ஒத்துப்போகும் என்ற நம்பிக்கை தமக்குப் போய்விட்டது என்கிறார். அரசின் உதவி பெறுவோர் பெருகியதும் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்ததும் தம் கொள்கைக்குச் சிரமமாகிவிட்டன என்ற கருத்தையும் எழுதினார். இது பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. யாருடைய ஓட்டையும் பறிக்கச் சொல்லவில்லை என்று பிறகு விளக்கம் கொடுத்தார். எந்த அரசுக்கும் கட்டுப்படாமல் கடலில் மிதக்கும் ஊர்கள் கட்டுவோம் என்ற அமைப்புக்கு 2008ல் 5 லட்சம் டாலர் கொடுத்தவரும் இவரே. பணக்காரன் மக்களின் தீர்ப்பிலிருந்து தப்பிக் கடலுக்குப் போகலாம். நீயும் நானும் எங்கே போவது? சிறுபான்மைச் சமுதாயத்தின் கையில் ஓட்டுச் சீட்டைத் தவிர வேறென்ன ஆயுதம் இருக்கிறது? உன் உம்மாவும் உன் சகோதரியும் வரிசையில் நின்று போட்ட ஓட்டும் அதில் சேர்ந்ததுதானே? 2007ல் தமிழக அரசு முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதத் தனி ஒதுக்கீடு தந்தது. அதற்காக எத்தனை மாநாடு, எத்தனை ஊர்வலம், எத்தனை பேர் சிறை சென்றார்கள் என்பதை உன் வாப்பாவிடம் கேள். உன் பொறியியல் இடம் எந்தப் பட்டியலில் வந்தது என்றும் கேட்டுப் பார். சந்தை தந்ததா அதை?

ஸூரா ஹூதை எடுத்து வைத்துக்கொண்டு 84ஆவது வசனத்திலிருந்து ஓதிப் பார் தம்பி. மத்யன் வாசிகள் வணிகக் கூட்டத்தார். அளவையில் குறைக்காதீர்கள், மக்களின் பொருளைக் குறைத்து மதிக்காதீர்கள் என்று ஷுஐப் (அலை) அவர்கள் சொன்னபோது அந்த மக்கள் என்ன கேட்டார்கள்? எங்கள் செல்வத்தில் எங்கள் இஷ்டப்படி நாங்கள் நடப்பதைத் தடுக்கும்படியா உம் தொழுகை உமக்குச் சொல்கிறது என்று பரிகாசம் செய்தார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பேச்சும் நீ கையில் வைத்திருந்த புத்தகத்தின் பேச்சும் ஒரே குரலாக உன் காதில் விழவில்லையா? அவர்கள் வியாபாரம் செய்ததற்காகப் பிடிக்கப்படவில்லை. வியாபாரத்துக்கு மேலே எவனும் இல்லை என்றார்கள்.

தீலை இவ்வளவு திட்டியது போதும். அவர் சொன்னதில் ஒன்றை நான் முழு மனதோடு ஏற்கிறேன். கடன் வாங்கிக் கல்லூரி படிப்பது ஒரு குமிழி என்கிறார். இருபது வயதைத் தாண்டாத பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்து, கல்லூரியை விட்டுத் தொழில் தொடங்கச் சொல்லும் திட்டத்தை 2010ல் அறிவித்தார். கல்லூரியை விடு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வட்டிக் கடனில் பட்டம் வாங்கி, அந்தக் கடனை அடைக்கவே வளைகுடாவுக்குப் போய் இளமையைத் தொலைக்கும் நம் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு லட்சம் ரூபாய் கொடுக்க நம் ஊரில் எந்தத் தனவந்தர் இருக்கிறார்?

இப்போது உங்களிடம் வருகிறேன் வியாபாரப் பெருமக்களே. கோபப்படாமல் கேளுங்கள். உங்களிடம் பணம் இருக்கிறது. மனையாக வாங்கிப் போட்டிருக்கிறீர்கள். நகையாக வைத்திருக்கிறீர்கள். வட்டியைத் தொட மாட்டேன் என்று நடப்புக் கணக்கில் சும்மா போட்டு வைத்திருப்பவர்களும் உண்டு. அல்லாஹ் அவர்களுக்குக் கூலி தருவானாக. ஆனால் உங்கள் தெருப் பையன் ஒரு தொழில் திட்டத்தோடு வந்தால் என்ன சொல்கிறீர்கள்? "மாசம் எவ்வளவு தருவே?" அதுதான் முதல் கேள்வி! லாபம் வந்தாலும் வராவிட்டாலும் லட்சத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு அதற்கு 'பங்கு' என்று பெயர் வைக்கிறீர்களே, ஹிதாயாவின் எந்தப் பக்கத்தில் அது இருக்கிறது? வட்டிக்குச் சட்டை மாற்றிப் போட்டால் அல்லாஹ்வுக்குத் தெரியாமல் போய்விடுமா?

மறுபக்கமும் சொல்ல வேண்டும். பணம் கொடுக்கப் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஜமாஅத் பஞ்சாயத்தில் உட்கார்ந்து எத்தனையோ கூட்டு வியாபார வழக்குகளைக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் ஒரே கதை. எழுத்து இல்லை. சாட்சி இல்லை. கல்லாவிலிருந்து வீட்டுச் செலவுக்கு எடுத்தது எவ்வளவு, தங்கை கல்யாணத்துக்கு எடுத்தது எவ்வளவு என்று உழைத்தவனுக்கே தெரியவில்லை. "என்னை நம்பலியா பாய்?" என்று கண்ணீர் விடுகிறான். ஒரு வழக்கில் மூன்று வருடக் கணக்கு ஒரு டெய்லி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இருந்தது! குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? பகராவின் 282ஆவது வசனம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்வது பற்றியது. அதை ராகம் போட்டு ஓதுகிறோம். கலிஃபோர்னியாவில் அந்த வசனத்தைக் கேள்விப்படாதவன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கை எழுதி முதலீட்டாளருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறான். அவன் முதல் போட்டவனிடம் நஷ்டத்தைச் சொல்லக் கூசுவதில்லை. நாம் லாபத்தைக்கூடச் சொல்லக் கூசுகிறோம்!

அந்தத் தம்பிக்கு இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஊரில் தோல் வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவரிடம் அழைத்துப் போனேன். மூன்று முறை உட்கார்ந்து பேசினார்கள். முதல் அவருடையது, உழைப்பு மூன்று பிள்ளைகளுடையது. லாபத்தில் அவருக்கு நாற்பது சதவீதம், பிள்ளைகளுக்கு அறுபது. மாதம் ஐந்தாம் தேதிக்குள் கணக்கு. அதை வெளியாள் ஒருவர் தணிக்கை செய்வார். பிள்ளைகளின் சொந்தச் செலவு கம்பெனிப் பணத்தைத் தொடக் கூடாது. இவ்வளவும் எழுதியாயிற்று. நஷ்டப் பிரிவைப் படித்ததும் பெரியவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அப்போ, தொழில் படுத்துட்டா எனக்கு ஒண்ணும் திரும்பாதா ஹஜ்ரத்?"

"பசங்க மோசடி செய்யாத வரைக்கும் திரும்பாது பாய். அவங்களுக்கு ரெண்டு வருஷ உழைப்பு போகும், உங்களுக்கு முதல் போகும்."

"பேங்க்ல போட்டா…" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். வீட்டில் கலந்து பேசிவிட்டு அடுத்த வெள்ளிக்கிழமை சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். பத்திரம் என் மேசையில் இருக்கிறது. வேறு ஊர்களிலும் இப்படி எழுத விரும்புவோர் நகல் எடுத்துக்கொள்ளலாம்.